ராப் பர்ரோ (1982–2024): அவர் ஆட்டத்தைப் பற்றித் தெரிந்ததை இங்கே எழுதுங்கள்

கோடைமழை | 3 ஜூன் 2024

ராப் பர்ரோ நேற்று போய்விட்டார். வயது 41. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சாகும் மோட்டார் நியூரான் நோய் என்று 2019 டிசம்பரில் தெரியவந்தது. நாலரை வருஷம் தாக்குப்பிடித்தார்.

தெரியாதவர்களுக்காக: தொழில்முறை ரக்பி லீக்கில் லீட்ஸ் ரைனோஸைத் தவிர வேறு கிளப்புக்கு அவர் ஆடியதே இல்லை. 2001லிருந்து 2017 வரை 492 ஆட்டம். 196 ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது), 157 கோல், 5 ட்ராப் கோல், மொத்தம் 1,103 புள்ளி. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் பட்டம் எட்டு: 2004, 2007, 2008, 2009, 2011, 2012, 2015, 2017. உயரம் 165 செ.மீ.

இந்த இழையில் இரங்கலோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காலையிலிருந்து வருகிற செய்தி எல்லாமே "சின்ன உருவம், பெரிய மனசு" என்பதோடு முடிந்துபோகிறது. மனசு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் மனசை மட்டும் வைத்துக்கொண்டு 492 ஆட்டம் ஆட முடியாது. அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பது பதிவாக வேண்டும்.

ஆறாம்_டேக்கிள் | 3 ஜூன் 2024

அப்படியென்றால் 2011 சூப்பர் லீக் இறுதி ஆட்டத்து ட்ரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அக்டோபர் 8, ஓல்ட் டிராஃபோர்ட், எதிரணி செயின்ட் ஹெலன்ஸ். லீட்ஸ் அந்த வருஷம் பட்டியலில் ஐந்தாவது இடம். ஐந்தாவதாக வந்த அணி பட்டம் வென்றது அதற்கு முன் கிடையாது. பர்ரோ அன்று பெஞ்சிலிருந்து வந்தவர்.

நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளே-த-பால். பர்ரோ டம்மி ஹாஃப் இடத்தில் நிற்கிறார். பந்து காலடிக்கு வருகிறது. குனிந்து எடுத்தவர் நிமிரவே இல்லை, குனிந்த வாக்கிலேயே ஓடுகிறார். தடுக்க நீண்ட கைக்கு அடியில் தலையைக் கொடுத்து மறுபக்கம் வெளியே வருகிறார். இனி ஃபுல்பேக் பால் வெல்லன்ஸ் ஒருவர்தான் பாக்கி. வெல்லன்ஸ் சாதாரண ஆள் இல்லை, அந்தத் தலைமுறையின் நம்பகமான கடைசிக் காவல். பர்ரோ ஒரு கணம் காலை மாற்றி வைக்கிறார். வெல்லன்ஸ் இடுப்பு ஒரு பக்கம் திரும்பியதும் மறுபக்கம் பறந்துவிட்டார். வெல்லன்ஸ் திரும்பி ஓடத் தொடங்கும்போது ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

கடைசி ஸ்கோர் 32-16. இரண்டாம் பாதியில் செயின்ட் ஹெலன்ஸ் 16-8 என்று முன்னால் போனது. அதற்குப் பிறகு லீட்ஸ் தொடர்ச்சியாக 24 புள்ளி எடுத்தது. ஆட்டநாயகனுக்கான ஹாரி சண்டர்லேண்ட் கோப்பைக்கு ஓட்டுப் போட்ட அத்தனை பத்திரிகையாளர்களும் பர்ரோ பெயரையே எழுதினார்கள். ஒரு ஓட்டுகூட வேறு பக்கம் போகவில்லை.

சேலத்து_ரசிகன் | 3 ஜூன் 2024

ட்ரை வீடியோ பார்த்தேன், சிலிர்த்துப்போச்சு. ஆனா சில அடிப்படை புரியல. ரக்பின்னா 15 பேர்தானே? இதுல ஏன் பிடிபட்டவன் எழுந்து நின்னு பந்தைக் காலால பின்னாடி உருட்டறான்? அந்த டம்மி ஹாஃப்னா யாரு?

கோப்பாய்_பிராப் | 3 ஜூன் 2024

தம்பி, நீர் சொல்லுறது ரக்பி யூனியன். இலங்கையில பள்ளிக்கூடங்கள் ஆடுறதும் அதுதான், 15 பேர். இது ரக்பி லீக், 13 பேர். 1895இல ஹடர்ஸ்ஃபீல்டில வடக்கு இங்கிலாந்துக் கிளப்புகள் பிரிஞ்சு போய்த் தொடங்கினது. சுரங்கத்திலயும் மில்லிலயும் வேலை செய்யிற வீரர்களுக்கு, விளையாடப் போனதால இழந்த சம்பளத்தை ஈடு கட்ட வேணும் எண்டதுதான் சண்டை. பர்ரோ பொன்டிஃப்ராக்டில பிறந்து அந்தச் சுரங்க ஊர்ப் பக்கமே வளந்தவர். சின்ன வயசில ஃபெதர்ஸ்டோன் லயன்ஸ் கிளப்பில ஆடினவர்.

பிளே-த-பால் எண்டது இதுதான். பந்து வச்சிருக்கிறவனைப் பிடிச்சு விழுத்தினால் ஒரு டேக்கிள். அவன் எழும்பி, எதிரணிக் கோட்டைப் பாத்து நிண்டு, பந்தை நிலத்தில வச்சுக் காலால பின்னுக்கு உருட்ட வேணும். பின்னுக்கு நிண்டு அதை எடுக்கிறவன்தான் டம்மி ஹாஃப். எதிரணியில ரெண்டு பேர் மட்டும் முன்னுக்கு நிக்கலாம், அவையள் மார்க்கர். மற்ற எல்லாரும் 10 மீட்டர் பின்னுக்குப் போக வேணும். இப்பிடி ஆறு தரம். ஆறாவது டேக்கிளோட பந்து எதிரணிக்கு. அதாலதான் ஐஞ்சு முடிஞ்ச உடன பெரும்பாலும் உதைச்சு விடுறது.

ஆறாம்_டேக்கிள் | 4 ஜூன் 2024

அண்ணன் சொன்ன அந்த 10 மீட்டர்தான் பர்ரோவின் சொத்து.

யோசித்துப் பாருங்கள். 190 செ.மீ. உயரம், 110 கிலோ எடை உள்ள ஒரு பிராப், அதாவது முன்வரிசைப் பெரிய ஆள். இப்போதுதான் ஒரு ஆளைத் தரையில் அமுக்கிவிட்டு எழுகிறான். உடனே 10 மீட்டர் பின்னோக்கி ஓட வேண்டும். நின்று திரும்புவதற்குள் அடுத்த பந்து வந்துவிடுகிறது. அவன் எடை குதிகாலில் இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, முழங்கால் மடங்க மறுக்கிறது. அந்த நொடியில் 70 கிலோகூட இல்லாத ஒருவர் குனிந்துகொண்டே முழு வேகத்தில் வருகிறார். அவர் நெஞ்சு இருக்கும் உயரம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதைப் பிடிக்க வேண்டுமானால் பிராப் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழ வேண்டும். களைத்தவனால் அது முடியாது, எனவே கையை மட்டும் நீட்டுவான். கை கொஞ்சம் மேலே போனால் கழுத்தில் பட்டுப் பெனால்டி. சரியாகப் போனால் பர்ரோ அதற்கு அடியில். குட்டையாக இருந்தது அவருக்குக் குறை இல்லை. களத்தில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் அது பலமாக மாறும் என்று தெரிந்து அங்கே போய் நின்றார்.

வெண்ணிலா_கோல்கிக் | 4 ஜூன் 2024

ஒரு சின்ன மாற்றுக்கருத்து. அவரை டம்மி ஹாஃபாக மட்டும் நினைவில் வைப்பது பாதிக் கதை. முதல் பத்து வருஷம் அவர் ஸ்க்ரம் ஹாஃப், ஆட்டத்தை வழிநடத்தும் இடம், அதனால்தான் முதுகில் 7. 2003இல் சூப்பர் லீக்கின் சிறந்த இளம் வீரர் விருது அந்த இடத்தில் ஆடித்தான் வந்தது. 2004 பட்டம் லீட்ஸுக்கு 32 வருஷம் கழித்துக் கிடைத்தது, 1972க்குப் பிறகு அதுதான். அதிலும் அவர் இருந்தார். 2007 இறுதி ஆட்டத்தில் செயின்ட் ஹெலன்ஸை 33-6 என்று நொறுக்கியபோது ஹாரி சண்டர்லேண்ட் முதல் தடவையாக அவர் கைக்கு வந்தது. அதே வருஷக் கடைசியில் நியூசிலாந்தை 3-0 என்று வென்ற கிரேட் பிரிட்டன் அணியில் தொடர் நாயகனும் அவரே.

என் கணக்கில் 2007 தான் அவருடைய முழுமையான ஆட்டம். 2011இல் ஒரு தீப்பொறி, 2007இல் 80 நிமிஷமும் அணியை ஓட்டிய மூளை.

ஆறாம்_டேக்கிள் | 4 ஜூன் 2024

2007 பற்றிச் சொன்னது நியாயம், வெண்ணிலா. ஆனால் ஒன்று. அவருக்கு 28, 29 வயதாகும்போது பயிற்சியாளர் பிரையன் மெக்டெர்மட் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, 20, 25 நிமிஷம் கழித்து ஹுக்கராக, அதாவது பெரும்பாலும் டம்மி ஹாஃபில் நிற்பவராக, இறக்கினார். பல பேர் அதைப் பதவி இறக்கமாக எடுத்துக்கொள்வார்கள். அந்த வேலையையே ஆயுதமாக மாற்றினார் பர்ரோ. எதிரணி முன்வரிசை களைக்கும் நேரம் பார்த்துப் புதுக் காலோடு உள்ளே வருவது. இன்று பெஞ்சில் ஒரு வேகமான ஹுக்கரை வைத்துக்கொள்ளாத அணி குறைவு. 2011 ட்ரையை நான் தூக்கிப்பிடிக்கக் காரணம் இதுதான்.

கோப்பாய்_பிராப் | 4 ஜூன் 2024

தடுப்பாட்டத்தையும் ஒருக்கால் சொல்ல வேணும். சின்ன ஆள் நிக்கிற பக்கம் பாத்துத்தான் எதிரணி தன்ர பெரிய ஆக்களை ஓட விடும். ஒரு ஆட்டத்தில 20 தரம் எண்டாலும் விடும். பர்ரோ நெஞ்சுக்கு நேர போய் முட்டினால் தூக்கி எறிஞ்சிருப்பாங்கள். அவர் போனது காலுக்கு. தோளைத் தொடையில குடுத்து, ரெண்டு கையாலயும் முழங்காலுக்குக் கீழ கட்டி, விடாமல் தொங்கிறது. ஓடுறவன் ரெண்டடி இழுத்துக்கொண்டு போவான், அதுக்குள்ள பக்கத்தில நிக்கிறவன் மேல வந்து பந்தை மூடுவான். இதில பிழைச்சால் என்ன நடக்கும் தெரியுமோ? தலையைத் தப்பான பக்கம் வச்சால் எதிராளியின்ர முழங்கால் நேர காதடியில விழும். 17 சீசன் அப்பிடித் தலையைச் சரியான பக்கம் வச்சிருக்கிறார் மனுசன்.

சேலத்து_ரசிகன் | 5 ஜூன் 2024

சேலஞ்ச் கப் மட்டும் அவர் கைக்கு எட்டவே இல்லன்னு ஒரு இடத்துல படிச்சேன். உண்மையா?

கோடைமழை | 5 ஜூன் 2024

தவறு. ஆனால் அப்படி ஒரு பேச்சு வரக் காரணம் இருக்கிறது. இது லீக்கிலிருந்து தனியான நாக்-அவுட் கோப்பை. லீட்ஸ் 2003, 2005, 2010, 2011, 2012 என ஐந்து இறுதி ஆட்டத்தில் தோற்றது. 2003இல் பிராட்ஃபோர்டிடம் 22-20, 2005இல் ஹல்லிடம் 25-24. இரண்டும் நெஞ்சை அறுத்த தோல்வி. பிறகு 2014இல் காசில்ஃபோர்டை 23-10, 2015இல் ஹல் கே.ஆரை 50-0. ஆக அவர் கணக்கில் சேலஞ்ச் கப் இரண்டு. இங்கிலாந்து, ஆஸ்திரேலியச் சாம்பியன்கள் மோதும் உலக கிளப் சவால் மூன்று: 2005, 2008, 2012.

கடைசி ஆட்டம் 2017 சூப்பர் லீக் இறுதி, காசில்ஃபோர்டுக்கு எதிராக 24-6. பட்டத்தோடு விடைபெற்றார்.

சேலத்து_ரசிகன் | 5 ஜூன் 2024

இந்த நோய் அவருக்கு ரக்பியாலதான் வந்ததுன்னு கமெண்ட்ல எல்லாரும் எழுதறாங்களே? தலையில அடிபட்டதால?

மருதம் | 5 ஜூன் 2024

நரம்பியல் சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபி பார்ப்பவள் என்ற முறையில் இதற்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன்.

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. 2022இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. ஸ்காட்லாந்துக்காக ஆடிய 412 முன்னாள் ரக்பி வீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. மோட்டார் நியூரான் நோய் வரும் அபாயம் அவர்களிடம் சுமார் 15 மடங்கு என்று கண்டது. ஆனால் அந்த 412 பேரில் நோய் வந்தவர்கள் மிகச் சிலர், அதனால் அந்த 15ஐ அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது என்று நிபுணர்களே எச்சரித்தார்கள். அதுவும் யூனியன் வீரர்கள். தலையடியா, கடும் உடற்பயிற்சியா, மரபணுவா, எல்லாம் சேர்ந்தா என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. டாடி வேயர், எட் ஸ்லேட்டர் என்று இதே நோய் வந்த ரக்பி வீரர்களின் பெயர் வரிசையாக வரும்போது சந்தேகம் எழுவது இயல்பு. சந்தேகத்தை முடிவாக எழுதிவிடாதீர்கள், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படிக்கிறார்கள்.

நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது: மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கட்டளை வராத தசை மெலிகிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, மரத்துப்போகாது, அதனால்தான் பல மாதம் யாரும் கவனிப்பதில்லை. பர்ரோவுக்கு முதலில் தெரிந்தது பேச்சில் குழறல். மற்றவர்களுக்குப் பாதம் தொங்கி இடறுவது, சாவி திருப்ப முடியாமல் போவது, தோல் அடியில் தசை துடிப்பது என்று வரும். ஒரே ஒரு பரிசோதனையில் கண்டுபிடிக்க வழியில்லை. தசையின் மின்செயல்பாட்டைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. எடுப்பார்கள், எம்.ஆர்.ஐ. எடுத்து மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்குவார்கள். ரிலுசோல் என்ற மாத்திரை சில மாதங்களைக் கூட்டித் தரும், குணமாக்காது. கண்டறிந்த இரண்டு வருஷத்துக்குள் பாதிப்பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் வைத்து அவருடைய நாலரை வருஷத்தைப் பாருங்கள்.

வெண்ணிலா_கோல்கிக் | 6 ஜூன் 2024

மருதம் அக்கா, நன்றி. அவர் கண்ணால் பேசினாரே, அது எப்படி வேலை செய்கிறது? 2022இல் பிபிசி குழந்தைகள் சேனலில் அவர் இரவுக் கதை படித்தது அப்படித்தானே?

மருதம் | 6 ஜூன் 2024

ஆமாம் வெண்ணிலா. இந்த நோயில் கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் கடைசிவரை தப்பிவிடும். திரைக்குக் கீழே ஒரு அகச்சிவப்புக் கேமரா இருக்கும். அது கண்மணியிலும் கருவிழியிலும் படும் ஒளியை வைத்து, எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று கணக்குப் போடும். ஒரு எழுத்தில் பார்வையைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அது அழுத்தப்பட்டதாக அர்த்தம். முதலில் ஐந்து அல்லது ஒன்பது புள்ளிகளைப் பார்க்கச் சொல்லிச் சாதனத்தைப் பழக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், வெயிலில் அகச்சிவப்புக் கேமரா தடுமாறும். நாற்காலியில் உடம்பு சரிந்தால் திரும்பப் பழக்க வேண்டும். கண் உலர்ந்தாலும், களைத்தாலும் எழுத்து தப்பும். ஒரு வாக்கியத்துக்கு நிமிஷக் கணக்காகும். பேட்டியில் அவர் சொன்ன நாலு வரிப் பதிலுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று இப்போது புரியும்.

குரல் விஷயம் தனி. பேச்சு கெடும் முன்பே பதிவு செய்துவைத்தால் நம் குரலிலேயே இயந்திரம் பேசும். முன்பு ஆயிரத்துக்கு மேல் வாக்கியம் படிக்க வேண்டியிருந்தது, இப்போது சில சேவைகளுக்கு ஐம்பதே போதும். பர்ரோவுக்குப் பழைய பேட்டிப் பதிவுகள் கைகொடுத்தன, அந்த யார்க்‌ஷயர் உச்சரிப்பு அதனால் மிஞ்சியது. இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் குரலைப் பதிவு செய்யுங்கள். வயிற்றுக் குழாய் வைப்பதையும் மூச்சுத் திறன் நன்றாக இருக்கும்போதே பேசி முடிவெடுங்கள். மூச்சு குறைந்த பிறகு அதே சிறு சிகிச்சை ஆபத்தாகிவிடும்.

கோடைமழை | 9 ஜூன் 2024

நேற்று வெம்ப்ளியில் சேலஞ்ச் கப் இறுதி. விகன் 18, வாரிங்டன் 8. மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டத்தை 3.07க்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ஏழு நிமிஷம் பர்ரோவின் 7க்காக.

ஆறாம்_டேக்கிள் | 9 ஜூன் 2024

அந்த 7 எல்லா இடத்திலும் வருவது கெவின் சின்ஃபீல்ட் தொடங்கி வைத்தது. லீட்ஸ் கேப்டனாக இருந்தவர், பர்ரோவோடு ஒன்றாக ஆடியவர். 2020 டிசம்பர் 1 முதல் 7 வரை ஏழு நாளில் ஏழு மாரத்தான், ஒவ்வொன்றும் நாலு மணி நேரத்துக்குள். மொத்தம் 295 கிலோமீட்டர். திரட்ட நினைத்தது 77,777 பவுண்டு, வந்தது 20 லட்சத்துக்கு மேல். 2021இல் லெஸ்டரிலிருந்து லீட்ஸுக்கு 101 மைல், 24 மணி நேர இலக்கு. அதை 7 கிலோமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு மணிக்குள் முடிப்பது. சீக்கிரம் முடித்தால் மிச்ச நிமிஷம் ஓய்வு, தாமதித்தால் ஓய்வே இல்லை. 2022இல் எடின்பரோவிலிருந்து மான்செஸ்டர்வரை ஏழு நாள், தினமும் 40 மைல் அளவில்.

ஆனால் இதை எல்லாவற்றையும்விட 2023 மே 14. பர்ரோ பெயரிலேயே நடந்த லீட்ஸ் மாரத்தான். சின்ஃபீல்ட் சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு 42 கிலோமீட்டர் ஓடினார். லீட்ஸ் அணியின் மைதானமான ஹெடிங்லியில் முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார். வாரை அவிழ்த்து, குனிந்து, ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கினார். பர்ரோவின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. அப்படியே நடந்து கோட்டைத் தாண்டி, கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

கோப்பாய்_பிராப் | 10 ஜூன் 2024

அதைப் பாத்து அழாத ஆள் இருக்கேலாது. காசு எங்க போகுது எண்டதையும் எழுதி வைப்பம். லீட்ஸ் சீக்ராஃப்ட் மருத்துவமனையில இந்த நோயாளர்களுக்கெண்டு தனி நிலையம், இலக்கு 68 லட்சம் பவுண்டு. மருத்துவர், பேச்சு, மூச்சு, சாப்பாடு, பிசியோ எல்லாம் ஒரு கூரைக்குக் கீழ. நடக்கேலாத மனுசனை அஞ்சு இடத்துக்கு அலைக்கழிக்காமல் இருக்கிறது எண்டது எவ்வளவு பெரிய உதவி. அவர் இறந்த அடுத்த நாள், ஜூன் 3, முதல் மண் வெட்டினவை. குடும்பம் அந்தத் துக்கத்திலயும் தள்ளிப்போட விரும்பேல்ல.

வெண்ணிலா_கோல்கிக் | 13 அக்டோபர் 2024

நேற்று சூப்பர் லீக் இறுதி ஆட்டம், விகன் 9, ஹல் கே.ஆர். 2. ஆட்டநாயகன் பெவன் ஃபிரெஞ்ச். விருதின் பெயர் இந்த வருஷம் முதல் ராப் பர்ரோ விருது. 2011இல் எல்லா ஓட்டும் வாங்கி அவர் வென்ற விருதுக்கே இனி அவர் பெயர். அதே ஓல்ட் டிராஃபோர்டில்.

வென்ட்வர்த்வில்_அப்பா | 20 அக்டோபர் 2024

இழை முழுவதும் படித்தேன். 14 வயதில் 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பையனுக்கு அந்த டம்மி ஹாஃப் ஓட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? ஓடினால் மார்க்கர் பின்னாலிருந்து பிடித்துவிடுகிறான்.

ஆறாம்_டேக்கிள் | 20 அக்டோபர் 2024

பின்னாலிருந்து பிடிபடுகிறான் என்றால் பக்கவாட்டில் ஓடுகிறான் என்று அர்த்தம். பந்தை எடுத்து நிமிர்ந்து, இடமோ வலமோ ரெண்டடி வைத்த பிறகு முன்னால் போகிறான். அந்த ரெண்டடியில் மார்க்கர் வந்துவிடுவான்.

தரையில் பந்தை வைத்து, அதிலிருந்து ரெண்டு மீட்டர் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நடந்துவந்து எடுக்கக் கூடாது, ஓடிவந்து எடுக்க வேண்டும். ரெண்டு கையும் பந்தில், கண் பந்து கைக்குள் வரும்வரை பந்தில். கண்ணைச் சீக்கிரம் தூக்கினால் நாக்-ஆன், பந்து கை நழுவி முன்னால் போய்விடும். எடுத்த பிறகு முதல் மூன்று அடி இடுப்பு உயராமல், மூக்கு முழங்காலுக்கு மேலே. ஒரு வாரம் இது மட்டும், தினம் 30 தடவை. அடுத்து ரெண்டு கம்பு நட்டு, பையனின் தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதற்கு அடியில் வேகம் குறையாமல் போகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் ஆள் நிறுத்துவது.

எப்போது ஓடுவது என்பதைத் தனியாகப் பழக்க வேண்டும். மார்க்கர் ரெண்டு பேரும் பந்துக்கு நேரே நின்றால் ஓடாதே, பாஸ் கொடு. ஒருவன் இன்னும் தரையில் இருந்தாலோ, விலகி நின்றாலோ, அந்தப் பக்கம் போ. எதிரே இருக்கும் பெரிய ஆளின் காலைப் பார். குதிகால் தரையில் ஊன்றியிருந்தால் போ, நுனிக்காலில் நின்றால் விடு. ஐந்தாவது டேக்கிளுக்குப் பிறகு என்ன ஆனாலும் ஓடாதே, பிடிபட்டால் பந்து அவர்களுக்கு.

2011 ட்ரையைப் பாதி வேகத்தில் போட்டுக் காட்டுங்கள். பர்ரோ ஓடுவதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பந்தைத் தொடும் முன்பு அவர் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கட்டும்.

வென்ட்வர்த்வில்_அப்பா | 21 அக்டோபர் 2024

கயிறு வாங்கியாச்சு. நாளைக்குக் காலையில் தொடங்குகிறோம் அண்ணா.